வீட்டைச் சுற்றிய விமானம்

"முதல்ல அந்த சீட்டை விட்டு எந்திரிங்க. மத்ததை அப்பறம் பேசலாம்."

தர்ஷன் எழுந்துகொண்டான். கோப்பும் கையுமாக வந்தவனுக்கு அந்த அறையில் உட்கார வேறு இடம் தெரியவில்லை. கண்ணில் பட்டதில் உட்கார்ந்துவிட்டான். அது பழைய கார் ஒன்றின் முன் சீட். அதன் முன்னால் பிளைவுட்டில் அறுத்த பலகை, பலகையில் பன்னிரண்டு மீட்டர்கள், அரை வட்டமாய் ஒரு ஸ்டியரிங், காலுக்கு இரண்டு மிதி, மூன்று பக்கமும் திரை. ஒண்டிப்புதூரில் ஒரு மாடி அறைக்குள் கோகிலவாணி தன் கையால் கட்டிய விமானம். பம்ப் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் மீட்டர் முள்ளைப் பார்த்தே வேலை செய்தவள், ஓய்வு பெற்ற மறுவாரம் பலகை அறுக்க ஆரம்பித்தாள். ஒன்பது வருடமாகத் தினமும் அதில் பறக்கிறாள். நிஜ விமானத்தில் இன்றுவரை ஏறியதில்லை.

"சாரி ஆன்ட்டி."

"ஆன்ட்டி எல்லாம் வேண்டாம். உங்க கடுதாசியில 'மதிப்பிற்குரிய பயனர்'னு போட்டிருந்துச்சு. அப்படியே கூப்பிடுங்க."

வாசற்படியில் நின்றிருந்த அவள் கணவர் பழனிவேலு தொண்டையைச் செருமினார். "மேடம்னு கூப்பிடு கண்ணு. உனக்கு அதுதான் நல்லது."

"ஓகே சார். மேடம், நான் மேகத்தடம் கம்பெனியிலேர்ந்து வரேன். நீங்க பறக்கிற புரோகிராம் எங்களோடது."

"தெரியும். உங்க கை சம்பந்தப்பட்ட சம்பவம்னு எழுதியிருக்கீங்களே, அது என்ன? என் ரண்டு கையும் இங்கதான இருக்குது."

தர்ஷன் சுவரோரம் சாய்ந்து நின்று, பலமுறை ஒப்பித்த குரலில் சொன்னான். "நீங்க பறக்கறப்ப ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்புறீங்க, காத்து தள்ளினா எந்தக் காலை எவ்வளவு அழுத்துறீங்க, எல்லாமே எங்ககிட்ட பதிவாகும். அத்தனையும் சேர்த்து ஒரு கையா ஆக்குவோம். எங்க ஆபீஸ்ல அதுக்குப் பேரே கைதான். அதை நிஜ விமானத்துல ஏத்தினா, பைலட் இல்லாமயே நீங்க ஓட்டுற மாதிரி ஓட்டும்."

"நிஜ விமானமா?"

"சின்ன விமானம். ஆறு பேர் ஏறலாம். மலைக்கு சரக்கு, மருந்து, அப்புறம் இந்த வருஷத்துலேர்ந்து நோயாளிங்க."

"அதுக்குப் பைலட்டுங்க இருக்காங்களே. என்னைய மாதிரி வீட்டுல உக்காந்திருக்கறவ கை எதுக்கு?"

"பைலட் யூனியன் பதிவு பண்ண ஒத்துக்கல மேடம்."

"நாங்க யூனியன் இல்ல. அதனால கேக்கவே இல்ல."

"நீங்க சேர்றப்ப ஓகே அழுத்தியிருக்கீங்க."

"முப்பத்தி நாலு பக்கம் இருந்துச்சு அது," என்றார் பழனிவேலு. "நான் அன்னைக்கே சொன்னன், படிச்சுப் பாருன்னு."

"நீங்க சித்த சும்மா இருங்க."

தர்ஷன் தொடர்ந்தான். "வால்பாறையிலேர்ந்து கோயம்புத்தூர் வர்ற வழியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து குறுக்க அடிக்கும். அந்தக் காத்துல ஆயிரத்து நூறு தடவை இறங்கின கை இந்தியாவுலயே உங்களோடது ஒண்ணுதான். உங்க இறக்கத்தை எங்க எஞ்சினியருங்க போட்டுப் போட்டுப் பார்ப்பாங்க."

கோகிலவாணிக்கு உடம்பு ஒரு நொடி நிமிர்ந்தது. ஒன்பது வருடத்தில் அவள் இறக்கத்தைப் பாராட்டிய முதல் ஆள் இவன்தான். நிமிர்ந்ததை அவளே கவனித்து, தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

"சம்பவத்தைச் சொல்லுங்க."

"போன மாசம் பதினாலாம் தேதி மத்தியானம் மூணேகால் மணிக்கு..."

அதற்கு மேல் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த மத்தியானம் அவள் மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தெற்கிலிருந்து ஒரு வெள்ளை விமானம் தாழ்ந்து வந்து, வலது இறக்கையைச் சாய்த்து, அவர்கள் வீட்டுக்கு மேலேயே மூன்று சுற்றுச் சுற்றியது. சக்கரம்கூடத் தெரிந்தது. "உன்னையத் தேடி ஒறம்பரை வந்திருக்குது பாரு," என்று விருந்தாளியைக் காட்டுவதுபோல் பழனிவேலு சிரித்தார். அவள் தலைத்துண்டை அவிழ்த்து, கை வலிக்கும்வரை ஆட்டினாள். அன்று ராத்திரி சாப்பாட்டில்கூட அதே பேச்சுதான்.

"அதுல ஆள் இருந்தாங்களா?" என்று கேட்டாள். குரல் இறங்கிவிட்டது.

"செல்வராணின்னு ஒருத்தங்க. முப்பத்தோரு வயசு. குழந்தை பிறந்து ரத்தம் நிக்கல. இந்தச் சுத்துனால ஏழு நிமிஷம் ஆச்சு. இறங்கறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி..." அவன் கோப்பைப் பார்த்தான். "கூட நர்ஸ் இருந்தாங்க. அவசரப் பட்டனை அழுத்தியிருக்காங்க. இறங்கும் முறை நடப்பில் உள்ளதுன்னு பதில் வந்துட்டே இருந்திருக்கு."

பழனிவேலு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"வேற யாரோட கையாவும் இருக்கலாமில்ல?" என்று அவர்தான் கேட்டார்.

"இல்ல சார். வீட்டுல பறக்கிறவங்க எல்லாருமே முதல்ல தேடறது சொந்த வீட்டைத்தான். தேடிக் கண்டுபிடிச்சு மேலேயே சுத்துவாங்க. ஆனா பைலட் சீட் இடப்பக்கம். வீடு ஜன்னல்ல தெரியணும்னா இடப்பக்கம்தான் சாயணும். மேடம் மட்டும் வலப்பக்கம் சாய்க்கிறாங்க. வீடு கண்ணுக்கே தெரியாது. ஆனாலும் மூணு சுத்து. எங்க ஆளுங்களுக்கு இது புரியவே இல்ல."

"இதுல புரியறதுக்கு என்ன இருக்குது. இடமாவா சுத்துவாங்க?" என்றாள் கோகிலவாணி. "நல்லபடியா வந்து சேந்தா வலமாத்தான் சுத்தோணும்."

முதல் நாள் திரையில் வீட்டைக் கண்டுபிடித்தபோது அது மாடிப்படி இல்லாத வெறும் நீலப் பெட்டியாக இருந்தது. இருந்தாலும் தன் வீடு. கோயிலைச் சுற்றுவதைப் போல மூன்று முறை சுற்றிவிட்டு இறங்கினாள். பிறகு சுற்றாமல் இறங்கியதே இல்லை.

தர்ஷன் ஒரு காகிதத்தை நீட்டினான். "இதுல ஒரு கையெழுத்து வேணும். பயனரின் தனிப்பட்ட பழக்கத்தால் நேர்ந்த தாமதம்னு. உங்க மேல கேஸ் எதுவும் வராது, நாங்க பாத்துக்கறோம். அதோட..." சிரிக்கப் பார்த்தான். "கம்பெனி உங்களுக்கு ஒரு நிஜப் பறப்பு ஏற்பாடு பண்ணும். நிஜ பைலட்டோட. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கையும் நீங்க பிடிக்கலாம்."

பழனிவேலு மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஒன்றுக்காக அவள் எத்தனை வருடம் ஏங்கினாள் என்பது அவருக்குத் தெரியும். கோகிலவாணியின் கண் ஒரு கணம் ஸ்டியரிங்குக்குப் போனது. செத்தவளின் பெயரைக் கேட்ட அதே நிமிடத்தில் தனக்கு அந்த ஆசை எழுந்ததை நினைத்துக் கூசிப்போனாள். கூச்சம் அப்படியே கோபமானது.

"இது முதல் தடவையா சுத்துச்சா?"

"எது?"

"விமானம். என்ற வீட்டை. இதுக்கு முன்னால சுத்தியிருக்குதா, இல்லையா?"

பொய் சொல்ல அவனுக்கு இன்னும் பழகவில்லை. "முப்பத்தெட்டு தடவை."

"நான் பாத்தது ஒண்ணுதான்."

"மத்ததெல்லாம் விடியக்காலை சரக்கு. காய்கறி, தபால். யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணல. இறங்க வரிசையில நிக்குதுன்னு ஏர்போர்ட்டுலயும் நினைச்சுட்டாங்க."

"முப்பத்தெட்டு தடவை பாத்துட்டு, அதுல ஆளை ஏத்துனீங்க. அந்தச் சுத்தை எடுத்துட்டு ஏத்தியிருக்கலாமில்ல?"

"எடுத்துப் பாத்தோம் மேடம். சுத்தை எடுத்தா இறக்கம் கெட்டுப்போகுது. அந்த மூணு சுத்துலதான் நீங்க காத்தை அளக்கறீங்க, உங்களுக்கே தெரியாம. அது இல்லாம உங்க கை தரையைத் தேடித் தடுமாறுது. ரெண்டுல ஒண்ணுன்னா, சுத்து இருக்கட்டும்னு மேல முடிவு பண்ணிட்டாங்க."

"அப்ப அது என்ற பழக்கமா, உங்க முடிவா?"

அவன் பார்வையை அந்த கார் சீட்டின் பக்கம் திருப்பினான்.

"உக்காருங்க," என்றாள்.

"என்னது?"

"அந்த சீட்டுல. இப்ப உக்காருங்க. அப்பத்திலிருந்து அதுமேலதான கண்ணு."

அவன் தயங்கி உட்கார்ந்தான். அவள் குனிந்து விசையைத் தட்டினாள். திரையில் மலைச்சரிவும், தூரத்தில் ஓடுதளமும், குறுக்குக் காற்றும் எழுந்தன. "இறக்குங்க."

"எனக்கு ஓட்டத் தெரியாது மேடம். நான் லீகல்."

"பரவால்ல. கைன்னு பேர் வெச்ச கம்பெனியாச்சே. இறக்குங்க."

நாற்பது நொடியில் விமானம் ஒரு தென்னந்தோப்பில் செருகிக்கொண்டது. திரை சிவந்தது. தர்ஷன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தன் கைகளைப் பார்த்தான்.

"இதுல ஒரு பொம்பளை இருந்திருந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்னு தெரிஞ்சுட்டுப் போங்க," என்றாள் அவள். "காயிதத்தை எடுத்துக்கங்க. கையை எடுத்தப்ப என்ற கையெழுத்து வேண்டியிருக்கல. பழியைப் போடறதுக்கு மட்டும் வேணுமா? அந்தக் கையைக் கழட்டி வெச்சிருங்க. நான் குடுக்கல."

"அது கம்பெனி சொத்து. கழட்ட முடியாது." எழுந்து கோப்பை அடுக்கிக்கொண்டே, சமாதானம் சொல்கிற நினைப்பில் ஒரு வார்த்தை அதிகமாகச் சொல்லிவிட்டான். "ஆனா அது தினமும் உங்ககிட்டேர்ந்து கத்துக்கும். கடைசி அம்பது பறப்புக்குத்தான் எடை அதிகம். இனிமே சுத்தாம இறங்கிப் பழகுங்க மேடம், அதுவே சரியாயிடும். கம்பெனி எதிர்பார்க்கறதும் அதைத்தான்."

அவனை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்த பழனிவேலு, "அவன் சொல்றாப்புல சுத்தாம இறங்கிப் போட்டா என்ன?" என்றார்.

"சும்மா அவனுக்கு இன்னும் அம்பது நாள் வேலை செஞ்சு குடுக்கச் சொல்றீங்களா?"

"பின்னே கண்டபடி ஓட்டிக் கெடுத்துடு. ஒருத்தனும் உன்ற கையைத் தொடமாட்டான்."

"ஓட்டிக் கெடுத்தா அதுல அடுத்து யாரு படுத்திருப்பாங்கன்னு யோசிச்சீங்களா?"

அவர் யோசித்தார். படியிறங்கிப் போனார்.

மூன்றாம் நாள் அவள் பஸ்ஸில் வால்பாறை போனாள். நாற்பது கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கொண்டே போனாள். திரையில் அந்த மலையை ஆயிரம் தடவை தாண்டியிருக்கிறாள். ரோடு இத்தனை நேரம் பிடிக்கும் என்று தெரியாது.

செல்வராணியின் கணவர் மரியதாஸ் எஸ்டேட்டில் மருந்தடிக்கிறவர். தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் நின்றே பேசினார். உள்ளே அவர் அம்மா கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கம்பெனிக்காரங்களா?"

"இல்லீங்க. அந்த விமானத்தை ஓட்டுன கை என்னோடது. எனக்குத் தெரியாம எடுத்திருக்காங்க. ஆனா என்னோடதுதான்."

மரியதாஸ் புரிந்துகொள்ள நேரம் எடுத்தார். அவள் முழுவதையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை.

"எதுக்குச் சுத்துனீங்க?" என்றார்.

"சந்தோசத்துல."

"என்ன?"

"வீட்டைப் பாத்த சந்தோசம். அவ்வளவுதான். வேற ஒரு காரணமும் இல்லீங்க."

"அன்னைக்கு நீங்க வீட்டுல இருந்தீங்களா?"

"மாடியில இருந்தேன். துண்டை எடுத்து ஆட்டுனேன்."

அவர் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "எதுக்குச் சுத்துது, எறங்க எடமில்லையான்னு ராணி நர்ஸம்மாகிட்ட கேட்டிருக்கா. கீழ நீங்க துண்டை ஆட்டிட்டு நின்னிருக்கீங்க." கதவுச் சட்டத்தை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். உள்ளே குழந்தை வீறிட்டது. "இதைச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தீங்களா? சொல்லிட்டீங்கல்ல. போங்க."

அவள் போகவில்லை. "ஒண்ணு கேக்கோணும். என்ற கையை முடக்க ஒரு வழி இருக்குது. முடக்குனா உங்க மலைக்கு விமானம் வராமப் போயிரும். நான் என்ன செய்யட்டும்?"

"எங்களைக் கேட்டு என்ன செய்ய?"

"அவனுங்க யாரையும் கேக்கல. அதனால கேக்கறன்."

அவர் தேயிலைச் சரிவின் பக்கம் திரும்பினார். அவர் அம்மா குழந்தையோடு வெளியே வந்து, வந்தவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரைத் திண்டில் வைத்துவிட்டுப் போனாள்.

"ஓடுதளத்துக்கு எடம் விட்டப்ப எங்ககிட்ட ஒப்பந்தம் போட்டாங்க," என்றார் மரியதாஸ் கடைசியில். "தானா ஓடுற விமானம் கெளம்பலைன்னா பைலட்டை அனுப்பணும்னு அதுல இருக்கு. ரெண்டு பைலட்டு கோயம்புத்தூர்லயே சும்மா உக்காந்திருக்காங்க, பெரிய மனுசங்களுக்காக. போன மழையில ஒரு தடவை மெஷின் மக்கர் பண்ணி ஒருத்தர் வந்தாரு. நல்லாத்தான் ஓட்டுனாரு." அவள் பக்கம் திரும்பினார். "கெளம்பாம நிறுத்த முடியுமா உங்களால?"

கோகிலவாணிக்குப் பம்ப் கம்பெனி ஞாபகம் வந்தது. போனஸ் மறுத்த வருடம் யாரும் ஒரு மெஷினையும் உடைக்கவில்லை. எல்லாரும் அவரவர் மெஷினுக்கு முன்னால் போய் நின்று, சுவிட்சைப் போட்டு, உடனே அணைத்தார்கள். ஒன்பது நாள்.

"முடியுங்க," என்றாள்.

மறுநாள் காலை பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள். எஞ்சினை முடுக்கினாள். முள்ளெல்லாம் சரிபார்த்தாள். ஓடுதளத்தின் தலைப்புவரை உருட்டிக்கொண்டு போனாள். அங்கே பிரேக்கை அழுத்தி நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள். திரும்ப ஆரம்பித்தாள். முடுக்கு, சரிபார், உருட்டு, நிறுத்து, அணை. ஓடுதளம் முன்னால் நீளமாக, சுத்தமாகக் கிடக்கும். மேலே ஒரு மேகமும் இருக்காது. கை தானாகவே விசைக்குப் போகும். இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

"எத்தனையாவது?" என்று பழனிவேலு காப்பியோடு வருவார்.

"இருவத்தேழு."

"ஒருக்கா மேல போயிட்டு வாயேன். ஒண்ணே ஒண்ணு. அதுக்கா தெரியப்போகுது?"

"தெரியும். அதுக்குத்தான் எல்லாமே தெரியுதே."

ஐந்து நாளில் நூற்றிருபது தடவை நிறுத்தினாள். ஆறாம் நாள் மரியதாஸ் போன் செய்தார்.

"அம்மா, இன்னைக்கு ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி. ஏத்திப் படுக்க வெச்சோம். வெள்ளை விமானம் தலைப்பு வரைக்கும் போச்சு. நின்னுச்சு. எஞ்சின் அணைஞ்சுபோச்சு. மறுபடி பண்ணினாங்க, மறுபடி நின்னுச்சு. அரைமணியில பைலட்டே வந்துட்டாரு."

"பெரியவரு?"

"பொழச்சுக்குவாராம்."

போனை வைத்தபிறகும் அந்த அரைமணி அவளை விடவில்லை. பிழைக்காமல் போயிருந்தால் அதுவும் தன் கைதான் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, மறுநாளும் உட்கார்ந்து நிறுத்தினாள்.

பதினோராம் நாள் தர்ஷன் கூப்பிட்டான். "மேடம், நாலு மலையில விமானம் நிக்குது. எல்லாத்துலயும் உங்க கைதான் போட்டிருந்தோம். நீங்க வேணும்னே பண்றீங்க."

"நான் என்ற வீட்டுல உக்காந்து என்ற விமானத்தை நிறுத்தறன். அதுல உங்களுக்கென்ன?"

"உங்க அக்கவுண்ட்டை மூடறோம்."

"கை?"

"கழட்டியாச்சு."

"கழட்டவே முடியாதுன்னீங்க."

அவன் போனை வைத்துவிட்டான். மாலையில் மூன்று திரையும் ஒரே நேரத்தில் கறுத்தன. பன்னிரண்டு முள்ளும் பூஜ்யத்தில் படுத்தன. கோகிலவாணி கார் சீட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, எழுந்து போய் அரிசி களைந்தாள். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அந்த வீட்டில் பொழுது சாயும் நேரத்தில் எஞ்சின் சத்தம் இல்லை. பழனிவேலு டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். அவள் எழுந்து குறைத்தாள்.

பத்து நாள் அப்படிப் போனது. அடுத்த நாள் மத்தியானம் அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது தெற்கிலிருந்து வெள்ளை விமானம் வந்தது. விமானம் அவர்கள் வீட்டுக்கு மேலே, ஒரு பக்கமும் சாயாமல், நேராகக் கடந்து போனது.

"சுத்தல," என்றார் பழனிவேலு. "பைலட்டாத்தான் இருக்கும். ஜெயிச்சுட்டே அம்மிணி."

அவள் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விமானம் ஓடுதளத்தை நோக்கித் திரும்பவில்லை. இருகூர்ப் பக்கம் போய்த் தாழ்ந்தது. இடது இறக்கை மெல்லச் சாய்ந்தது. ஒரு சுற்று. இரண்டு.

கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு அவள் படியிறங்கினாள்.

"எங்க போறே?"

"வண்டியை எடுங்க. அது எந்த வீடுன்னு பாக்கோணும்."

கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை. தெருவே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. மாவு மில் ஒன்றின் மாடியில், தலை முதல் கால் வரை மாவு படிந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர், விமானம் போன திசையில் இன்னும் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். கோகிலவாணி மூச்சு வாங்க மாடியேறினாள்.

"பாத்தீங்களாக்கா?" என்றார் அவர், யார் என்றுகூடக் கேட்காமல். "நாலு சுத்து. என்ற வீட்டைத்தான் சுத்துச்சு. நானும் வீட்டுல ஓட்டறவன்தானுங்க. கீழ மெஷின் வெச்சிருக்கறன். நான் சுத்தற மாதிரியே அச்சா சுத்துச்சுங்க."

அவர் முகத்தில் இருந்ததை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டே சொல்ல முடியாது என்று தோன்றியதால் வானத்தைப் பார்த்தாள். விமானம் இப்போதுதான் ஓடுதளத்தின் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

"உங்க பேரென்னங்க?"

"சதாசிவம்."

"உங்க மெஷினைக் காட்டுங்க. ஒண்ணு சொல்லித்தரோணும்."

"அட, நீங்களும் ஓட்டுவீங்களா? எதுங்கக்கா, குறுக்குக் காத்துல எறக்கறதா?"

"இல்லீங்க," என்றாள் கோகிலவாணி. "நிறுத்தறது."